கடலுக்குத் தெரியாத சுடர்

"கையை இன்னும் மேல தூக்கு, எழில்! அப்படித்தான்! முகத்தை நிமிர்த்து!"

விளையாட்டு ஆசிரியர் ஜெபகுமார், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். எழில் கையை உயர்த்தினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு அந்தச் சுடர் கொஞ்சம் கனம்தான். பளபளக்கும் எஃகுக் குழாய். உள்ளே சின்னதாக ஓர் எரிவாயுக் குப்பி. உச்சியில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு.

மணி ஐந்தரை. தை மாதத்து இருட்டு இன்னும் விலகவில்லை. குப்பத்தின் கரையோரத் தெருவில் எழில் ஓடினாள். ஒரு பக்கம் வரிசையாக வீடுகள். மறுபக்கம் வெறும் மணல், அதைத் தாண்டினால் கடல். காற்றில் நெருப்பு படபடத்ததே தவிர அணையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதே நேரத்தில், இதே தெருவில் அவள் ஓடப் போகிறாள். மாவட்டப் பள்ளிகளின் விளையாட்டு விழாவுக்கான சுடர் ஓட்டம் அது. அணுபுரத்தில் கிளம்பி, எழிலின் குப்பம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் கோட்டையைத் தொட்டு, மாமல்லபுரம் போய்ச் சேரும். ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் எழில். அதனால் குப்பத்துத் தெருவில் ஓட அவளையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். இன்று வியாழக்கிழமை. இது ஒத்திகை.

"அருமை!" என்றார் சார். "ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே ஓடிரு. அது சரி, உங்க ஊர்ப் படகெல்லாம் இவ்வளவு சீக்கிரமாவா திரும்பி வரும்?"

எழில் கடலைப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்குப் போன படகுகள் அவை. எட்டு மணிக்கு முன்னால் ஒன்றுகூடத் திரும்பாது. ஆனால் தூரத்தில் புள்ளி புள்ளியாக நின்றிருந்த விளக்குகள் நகர்ந்தன. இரண்டு. ஐந்து. பத்து. பதினேழு விளக்குகளும் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. எஞ்சின்களின் இரைச்சல் நெருங்கிக்கொண்டே வந்தது.

எழில் தன் கையைப் பார்த்தாள். கையில் நெருப்பு.

"சார், அணைங்க! சீக்கிரம் அணைங்க சார்!"

சார் அணைத்தார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் குப்பத்தில், கரையில் நெருப்பை உயர்த்திப் பிடித்தால் அதற்கு ஒரே பொருள்தான். 'உடனே திரும்பி வா.' காற்று மாறி ஆபத்து வந்தாலோ, குப்பத்தில் சாவு விழுந்தாலோ கரையில் பந்தம் ஏற்றுவார்கள். பந்தத்தைப் பார்த்தவர்கள் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. போட்ட வலையைப் போட்டபடி விட்டுவிட்டுத் திரும்புவார்கள். செல்போனுக்குக் கரையிலேயே ஒரு கோடுதான் சிக்னல். கடலுக்குள் போனால் அதுவும் கிடையாது.

அந்தப் பந்தத்தை ஏற்றும் பொறுப்பு ஒரே ஒரு குடும்பத்துக்கு உரியது. அது எழிலின் குடும்பம். பெரிய வீடு அல்ல. ஆனால் பெயருள்ள வீடு. எழிலின் கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பந்தம் அவர்கள் வீட்டு வாசலில், ஓர் ஆணியில் தொங்குகிறது. மூங்கில் கம்பு, நுனியில் இறுக்கிச் சுற்றிய பழைய வேட்டித் துணி, பக்கத்தில் எண்ணெய் டப்பா. இப்போது அதைக் காத்து வருபவர் எழிலின் அத்தை, ஆதியம்மாள்.

கறுத்துப் புகையும் அந்தப் பந்தமும், கையில் இருந்த இந்தப் பளபளப்பான சுடரும் ஒன்றுதான் என்று எழிலுக்குத் தோன்றவே இல்லை. கடலில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நெருப்புதான்.

முதல் படகு மணலில் மோதி நிற்பதற்குள் துரை மாமா குதித்துவிட்டார்.

"யாரு? யாரு பூட்டாங்க? சொல்லுங்கடா, எங்க மாமியாரா?"

யார் பதிலுக்கும் காத்திராமல் அவர் வீட்டைப் பார்த்து ஓடினார். "ஐயோ, அத்தே! நேத்துகூட உங்கிட்ட சண்டை போட்டேனே!"

வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, மீனே மாட்லியா? வெறுங்கையோட வந்து ஏன் அழுதுக்கினு கீற?"

துரை மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த படகிலிருந்து எழிலின் அப்பா இருசப்பன் இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தார். மனைவி, மகள் என்று ஒவ்வொருவர் முகமாகத் தேடினார். "பரிமளா... எழிலு... எங்கடி எங்க அக்கா?"

"இங்கதான் கீறேன்" என்றார் ஆதியம்மாள். மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி, முதுகு வளையாமல் நின்றிருந்தார். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. "யாரும் சாவல. காத்தும் மாறல. நெருப்பக் காட்டுனது யாரு?"

கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள்.

"நான்தான் அத்தே" என்றாள் எழில்.

"தப்பு என்மேலதான்மா, எனக்கு இந்த வழக்கம் தெரியாது" என்று ஜெபகுமார் சார் குறுக்கே வந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. எழிலையே பார்த்தார்.

"நம்ம வூட்டு நெருப்பு இதுவரிக்கும் பொய் சொன்னதில்ல, எழிலு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று எழிலுக்குத் தோன்றியது. அத்தை வீட்டுக்கு நடந்தார். ஆணியிலிருந்து பந்தத்தைக் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். வாசலில் வெறும் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. எழில் பிறந்ததிலிருந்து அந்த ஆணியை வெறுமையாகப் பார்த்ததே இல்லை.

அன்று மாலை மீன் ஏலக் கூடத்தில் குப்பமே கூடியது.

"வலக் கயித்த அறுத்துட்டு ஓடியாந்தேன். என் வலையே பூட்ச்சி!" என்று துரை மாமா கத்தினார். "அந்த நெருப்பு நம்ம தெருவுல வரக் கூடாது. அவ்ளோதான்!"

"ஏன் வரக் கூடாது?" இட்லிக் கடை தெய்வநாயகி எழுந்தார். "எந்த ஊர்க்காரன் நம்ம தெருவ எட்டிப் பாத்துக்கீறான்? மொத தபா ஒரு நல்ல காரியம் வருது. நம்ம பொண்ணு தூக்கிக்கினு ஓடப் போவுது. டிவில காட்டுவாங்க!"

"டிவில யாரக் காட்டுவாங்க? எழிலையா, உன் இட்லிக் கடையையா?"

"ரெண்டையும் காட்டட்டுமே. உனக்கு இன்னா எரியுது?"

"எட்டு மாசமா குப்பைய அள்ளுங்கன்னு சொல்லிக்கினு கீறோம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "நேத்து வந்து அள்றாங்க. நமக்காவா? இல்லபா, சுடருக்காவ!"

"யாருக்காவ அள்னா இன்னா, குப்ப பூட்ச்சா இல்லியா?" என்று இன்னொருவர் கேட்டார்.

பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் முறைத்தார்கள். அந்த நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார் லதா மேடம். சுடர் ஓட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு அதிகாரி. கை கூப்பி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்.

"பெரிய ரோட்டுல குழாய் போடத் தோண்டி வச்சிருக்காங்க. வேற வழி இல்ல. நேரத்தையும் மாத்த முடியாது. சூரியன் வர்றதுக்குள்ள கோட்டையைத் தொடணும். சுடரை நடுவுல அணைக்கவும் கூடாது. அதனால ஒண்ணு செய்யுங்க. படகுக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை நெருப்பு தெரிஞ்சா அது வெறும் விளையாட்டுச் சுடர். கண்டுக்க வேண்டாம். திரும்பி வராதீங்க."

"அட, இது சரிதானே!" என்றார் ஒருவர்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் துரை மாமா. "நான் திரும்ப மாட்டேன்பா."

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலையப் பார்த்தது. எழிலுக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. அவள் எழுந்தாள்.

"துரை மாமா, அன்னிக்கே நெஜமா காத்து மாறிச்சின்னா?"

"இன்னா சொல்ற?"

"அத்தை பந்தம் ஏத்துவாங்க. நீங்க வெளையாட்டுச் சுடருன்னு நெனச்சிக்கினு வலைய இழுத்துக்கினே இருப்பீங்க."

கிளம்பியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில், காற்று திடீரென்று திரும்பியது. அன்று ஆதியம்மாள் ஏற்றிய பந்தத்தைப் பார்த்துத்தான் எல்லாப் படகுகளும் தப்பி வந்தன. துரை மாமாவும் அதில் ஒரு படகில் இருந்தார். அதை அங்கே யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அன்னிக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாம இருக்கலாமே?" என்று கேட்டார் லதா மேடம்.

"நாங்க போவல, சரி. பக்கத்துக் குப்பத்துப் படகும் எங்க நெருப்பப் பாத்துத்தான் திரும்புது. எத்தினி பேர நிறுத்துவீங்க?" என்றார் எழிலின் அப்பா.

"நான் ஓடலன்னா?" என்று கேட்டாள் எழில்.

"வேற பிள்ளை ஓடும்மா. சுடர் வந்துதான் ஆகும்" என்றார் லதா மேடம்.

அப்போதுதான் ஆதியம்மாள் எழுந்தார். அவர் எழுந்தால் அந்தக் கூடத்தில் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

"ஒரு தபா கண்டுக்காதேன்னு சொல்லிட்டா, மறு தபா எவன் கண்டுக்குவான்? ஞாயித்துக்கெழம அந்த நெருப்பு கடலுக்குத் தெரிஞ்சிதுன்னா, திங்கக்கெழம பந்தத்தப் பஞ்சாயத்துல ஒப்படைச்சிடுவேன். நம்பாத நெருப்ப எங்க வூட்டு வாசல்ல மாட்டிக்கினு உக்கார மாட்டோம்."

"அக்கா!" என்றார் அப்பா. அத்தை அதற்குள் படி இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் இருந்து வந்ததும் எழில் அலை ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். தெருவில் ஆட்கள் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் ஆணியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

இருட்டிவிட்டது. வயிறு பசித்தது. நெத்திலி வறுக்கும் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

அம்மா பரிமளா எப்போதும் வாசலில் விறகு அடுப்பு மூட்டித்தான் மீன் வறுப்பார். வாசனை வருகிறது. எண்ணெய் பொரியும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. ஆனால் நெருப்பு எங்கே?

எழில் எழுந்து நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு அடி தள்ளிப் போய்ப் பார்த்தாள். நெருப்பு தெரியவே இல்லை.

வீட்டுக்கு ஓடினாள். அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. கடல் காற்றுக்கு அணையாமல் இருக்க, அம்மா கடல் பக்கமாக ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தார். தினமும் கட்டுவதுதான்.

எழில் தார்ப்பாயை அவிழ்த்தாள்.

"ஏய், இன்னாடி பண்ற? அடுப்பு அணையப் போவுது!"

எழில் பதில் சொல்லாமல் அலை ஓரத்துக்கு ஓடினாள். இப்போது நெருப்பு பளிச்சென்று தெரிந்தது. திரும்ப ஓடி வந்து தார்ப்பாயைக் கட்டினாள். அலை ஓரத்துக்கு ஓடினாள். நெருப்பு இல்லை. மறுபடி ஓடி வந்து அவிழ்த்தாள்.

"பைத்தியமாடி புடிச்சிக்கீது? நெத்திலி பாதி வெந்து பாதி வேவாம கீது!"

"அம்மா, தெரியல! அங்கேர்ந்து பாத்தா தெரியலம்மா!" எழில் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கரண்டி கீழே விழுந்தது.

அந்தத் தெருவை எழில் காலால் அளந்தாள். தெருவுக்கு வரும்வரை வீடுகள் மறைத்துவிடும்; நூற்று ஐம்பது அடியில் தெரு முடிந்துவிடும். அதற்கப்புறம் கோட்டையின் மதில் சுவர் வந்துவிடுகிறது. அந்த மதிலைத் தாண்டி எந்த நெருப்பும் கடலுக்குத் தெரியாது. அந்த நூற்று ஐம்பது அடியில் மறைத்தால் போதும்.

ஆனால் உயரம்? தன் உயரம், தூக்கிய கை, கைக்கு மேலே சுடர். படகு தள்ளும் மூங்கில் கழிகள் இருக்கின்றனவே! கழிகளில் கட்டித் தூக்கிப் பிடித்தால் எட்டும்.

முதலில் அத்தையிடம்தான் போனாள். ஆதியம்மாள் முழுவதையும் கேட்டார்.

"ஆளுங்க வேணும், துணி வேணும். யாரு குடுப்பாங்க?"

"கேட்டுப் பாக்கறேன் அத்தே."

"ஆம்பளைங்க எல்லாம் அன்னிக்குக் கடல்ல இருப்பாங்க."

"பொம்பளைங்க கீறாங்களே."

அத்தை சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய், பெட்டியிலிருந்து இரண்டு கனத்த போர்வைகளை எடுத்து எழிலின் கையில் வைத்தார். "இது மொதல்ல" என்றார்.

சனிக்கிழமை காலையிலிருந்து எழில் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மறைச்சிட்டா டிவில எப்டி காட்டுவாங்க?" என்று அதிர்ந்து போனார் தெய்வநாயகி. "நான் புதுப் பொடவ எடுத்துக்கீறேன்டி!"

"டிவிக்காரங்க வூட்டுப் பக்கம்தான் நிப்பாங்க அக்கா. அவங்களுக்கு எல்லாம் தெரியும். சுடருக்குப் பின்னாடி கடலுக்குப் பதிலா நீங்க குடுக்கற துணிதான் தெரியும்."

தெய்வநாயகி உள்ளே போய் ஒரு நைலான் புடவையை எடுத்து வந்தார். எழில் அதன் பின்னால் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது.

"இது ஆவாது அக்கா. கனமா வேணும்."

"கனமான்னா என் கல்யாணப் பட்டுதான் கீது."

"டிவில அதுதான் வரும்."

தெய்வநாயகி பட்டுப் புடவையைக் கொடுத்தார். கூடவே மூன்று தடவை, "மீன் வாசன படக் கூடாது" என்றும் சொன்னார்.

துரை மாமாவிடம் குப்பத்திலேயே பெரிய நீலத் தார்ப்பாய் இருந்தது. வலை மேல் போர்த்துவது. அதை விரித்தால் முப்பது அடி மறையும்.

"தர மாட்டேன்" என்றார் துரை மாமா. "என் வல போனது போனதுதான். தார்ப்பாயையும் குடுத்துட்டு நான் இன்னா பண்றது? நீ நல்ல பொண்ணுதான் எழிலு. ஆனா இந்த ஓட்டம் எனக்குப் புடிக்கல. போ."

மாலையில் எழிலும் அம்மாவும் தெருவில் எல்லாத் துணிகளையும் வரிசையாகப் போட்டு அளந்தார்கள். போர்வை, ஜமக்காளம், கல்யாணப் பந்தல் துணி, பழைய பாய்மரத் துணி, பட்டுப் புடவை. நூற்று இருபது அடி வந்தது.

முப்பது அடி குறைந்தது. தெருவின் கடைசி முப்பது அடி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, குப்பத்தின் தொடக்கத்தில் எழில் வெள்ளைச் சீருடையில் நின்றாள். அணுபுரத்திலிருந்து சுடரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் ஷாரோன் என்ற மாணவி. பின்னாலேயே வந்து நின்றது லதா மேடத்தின் ஜீப்.

லதா மேடம் தெருவைப் பார்த்தார்.

கடல் பக்கம், கிட்டத்தட்ட தெருவின் நீளத்துக்கு, துணிச் சுவர். மூங்கில் கழிகளைத் தூக்கிப் பிடித்தபடி அறுபது எழுபது பெண்கள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, கழியின் கனம் அப்படி.

"என்னம்மா இது? போராட்டமா? கறுப்புக் கொடியா?"

"கறுப்பு இல்ல மேடம், அது என் ஜமக்காளம்" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல். "தொவைக்க நேரமில்ல."

எழில் இரண்டே வரியில் விளக்கினாள். லதா மேடம் கேட்டார். பிறகு துணிச் சுவரைப் பார்த்தார். "அப்போ கடல்ல இருக்கிறவங்களுக்கு..."

"ஒண்ணும் தெரியாது மேடம். அவங்க அவங்க வேலையப் பாப்பாங்க."

வரிசையின் தொடக்கத்தில், யானைப் படம் போட்ட ஒரு படுக்கை விரிப்பை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார் ஜெபகுமார் சார். "என் மவனோடது" என்றார். "அவன் எந்திரிக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். ஓடு!"

ஷாரோன் சுடரைக் கைமாற்றினாள். "உங்க தெருவுல சினிமா எடுக்கிறாங்களா?" என்று காதோடு கேட்டாள்.

எழில் ஓடினாள்.

துணிச் சுவருக்கு அப்பால், மணலில், கடலைப் பார்த்தபடி ஆதியம்மாள் நின்றிருந்தார். ஏற்றாத பந்தம் அவர் கையில் இருந்தது. அவருடைய குரல் மட்டும் எழிலுக்குக் கேட்டது.

"எல்லா வெளக்கும் நின்ன எடத்துலயே கீது! ஓடு!"

போர்வைகள் போயின. பந்தல் துணி போனது. பட்டுப் புடவையின் சரிகையில் சுடர் பட்டு மின்னியது. வீடுகளின் பக்கத்திலிருந்து டிவிக்காரர் ஒருவர் "அட!" என்றார். தெய்வநாயகி கழியைப் பிடித்தபடியே தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

நூறு அடி. நூற்றுப் பத்து.

இன்னும் கொஞ்சத்தில் துணி முடிந்துவிடும். அந்த வெட்ட வெளி வந்ததும் நின்றுவிடுவது என்று எழில் இரவே முடிவு செய்திருந்தாள். சுடர் நின்றால் நிற்கட்டும். யார் திட்டினாலும் திட்டட்டும். ஒரு படகுகூட அவள் கையால் இன்னொரு முறை ஏமாறக் கூடாது.

கடைசிப் பாய்மரத் துணி கடந்தது. எழில் காலை ஊன்றி நிற்கப் போனாள்.

சரசரவென்று ஒரு சத்தம். நீலமாக ஏதோ அவளுக்கு முன்னால் எழுந்து நின்றது.

"நிக்காதடி! ஓடு, ஓடு!"

துரை மாமா! அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. தலைக்கு மேலே தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மறுமுனையில் அவர் மாமியார்.

"நல்லா தூக்கிப் புடி மாப்ள! கஞ்சி குடிச்சியா இல்லியா?"

"புடிச்சிக்கினுதான் கீறேன் அத்தே! நீங்க மொதல்ல ஆடாம நில்லுங்க!"

எழில் அவரைக் கடந்தபோது கண் கலங்கிச் சிரித்தாள். அவர் முறைத்தார்.

"எனக்கு இந்த ஓட்டம் இப்பவும் புடிக்கல" என்றார். "ஆனா அன்னிக்கு அந்த நெருப்ப நம்பித்தான ஓடியாந்தேன்? அது நம்பறாப்லயே இருக்கட்டும். போ!"

நூற்று ஐம்பது. கோட்டை மதிலின் நிழல் அவளை மூடிக்கொண்டது. அடுத்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். சுடர் கை மாறி, மதிலைச் சுற்றிக்கொண்டு மாமல்லபுரத்தைப் பார்த்து ஓடியது.

எட்டு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. எல்லாவற்றிலும் மீன் துள்ளியது. அப்பா படகிலிருந்து இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா?" என்றாள் எழில்.

"இன்னாவா? நடுக் கடல்ல வலைய உட்டுட்டு நின்னு கரையையே பாத்துக்கினு இருந்தேன். எம் பொண்ணு ஓடறது ஒரு துளியாச்சும் தெரியும்னு பாத்தா, ஒண்ணுமே தெரியல! சுடர் வந்துச்சா, இல்லியா?"

தெருவே சிரித்தது. துரை மாமாவின் மாமியாருக்குச் சிரிப்பில் புரை ஏறியது. அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணுமே தெரியலியா?" என்று கேட்டார் ஆதியம்மாள். "துளிகூடவா?"

"துளிகூட இல்லக்கா."

அத்தை கையிலிருந்த பந்தத்தைப் பார்த்தார். துணி அவிழாமல் இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு அதை எழிலிடம் நீட்டினார்.

"அந்த ஐஸ் பெட்டிய வாசலுக்கு இழுத்துப் போட்டு ஏறு" என்றார். "ஆணி உனக்கு எட்டாது."